கேள்விக்குறியாகிப் போன பிசானப் பாக்கி

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு உரக்கடை. கடைக்காரரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், அதனால் இங்கேயும் அவர் அண்ணாச்சிதான். கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் பிசானம் போடுகிற விவசாயிகள் பலருக்கு அவர் கடையில் பற்று உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் யூரியாவும் டிஏபியும் பொட்டாஷும் வாங்கிப் போவார்கள். மாசி, பங்குனியில் அறுப்பு முடிந்து நெல் போட்ட காசு கைக்கு வந்ததும் கொண்டுவந்து கொடுப்பார்கள். இடைப்பட்ட நாலைந்து மாதமும் அண்ணாச்சியின் முதல் எல்லாம் வயலில்தான் கிடக்கும். அதற்கு இருக்கிற ஒரே சாட்சி அவருடைய பாக்கிக் கணக்கு.

2007-ல் கடைக்கு கம்ப்யூட்டர் வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி. அண்ணாச்சிக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். அவருடைய தங்கை மகன், இன்ஜினியரிங் படித்துக் கொண்டிருந்தவன், எக்ஸ்பியில் தமிழ் தெரிவதற்கான வசதியை நிறுவி, இ-கலப்பையும் போட்டுக் கொடுத்தான். அண்ணாச்சி ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பழகிவிட்டார். கோப்புகளுக்குப் பெயரும் தமிழில்தான். "கல்லிடை பிசானம் பாக்கி", "வீரவநல்லூர் பிசானம் பாக்கி", "பத்தமடை கார் பாக்கி". கம்பெனி பில், விலைப் பட்டியல், வரிக் கணக்கு மட்டும் ஆங்கிலப் பெயரில் இருக்கும், அதெல்லாம் ஆடிட்டருக்குப் போவது.

மருமகன் ஒரு லினக்ஸ் பைத்தியம். மாமாவின் கணக்கு பத்திரமாக இருக்க வேண்டும் என்று ஒரு ஏற்பாடு செய்தான். யூனிக்ஸ் உலகத்தில் பிறந்து விண்டோஸுக்குக் குடிபெயர்ந்த ஒரு இலவச நகலெடுக்கும் மென்பொருள் (பெயர் இங்கே வேண்டாம்), தினமும் இரவு ஒன்பது மணிக்குத் தானாகவே ஓடி, எல்லாவற்றையும் வெளியே செருகியிருக்கும் இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்து வைக்கும். கறுப்புத் திரை ஒன்று திறக்கும், நாலு வரி ஓடும், மூடிக்கொள்ளும். அண்ணாச்சியும் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவார். சாமி விளக்கை அணைக்கிற மாதிரி அதுவும் ஒரு பழக்கமாகிவிட்டது.

2009 தை மாதம், பொங்கல் முடிந்து கடை திறந்த அன்று, கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டுவிட்டு நின்றுபோனது. அறுப்புக்கு இன்னும் ஒரு மாதம்தான். மருமகன் வந்து பார்த்தான்.

"ஹார்ட் டிஸ்க் போயிட்டு மாமா."

"போனா போகட்டும். அதான் தெனமும் காப்பி எடுக்கோம்லா, அதுல இருந்து எடு."

எடுத்தான். கம்பெனி பில் இருந்தது. விலைப் பட்டியல் இருந்தது. வரிக் கணக்கு இருந்தது. தமிழில் பெயர் வைத்த கோப்பு ஒன்றுகூட இல்லை. ஒன்றரை வருடமாக ஒரு நாள்கூட நகலாகவில்லை. மென்பொருள் தினமும் எழுதி வைத்திருந்த குறிப்பைத் திறந்தால், வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று ஆங்கிலத்தில் ஒரு முறையீடு.

"என்ன மருமவனே இது, பேரு பூரா கேள்விக்குறியா கெடக்கு?"

"தமிழ்ப் பேரை அதுக்கு வாசிக்கத் தெரியல மாமா."

"வாசிக்கத் தெரியலன்னா கேக்கணும்லா. கேக்காம எப்படி உட்டுட்டுப் போகும்?"

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "கேட்டிருக்கு மாமா. தெனமும் கேட்டிருக்கு. நாமதான் பாக்கல."

சரி, இது ஏன் நடந்தது? இங்கேதான் விஷயமே இருக்கிறது. கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்று பயந்து ஓட வேண்டாம், கணக்குப் புத்தகத்தைவிட இது சுலபம் :-)

ஒரு மென்பொருள் எந்த வேலையையும் தானாகச் செய்வதில்லை. கோப்பைத் திற, திரையில் காட்டு, இன்னொரு நிரலை ஓட்டு என்று எல்லாவற்றுக்கும் இயங்குதளத்திடம் கேட்க வேண்டும். யூனிக்ஸிடம் கேட்கிற பாஷை வேறு, விண்டோஸிடம் கேட்கிற பாஷை வேறு. லினக்ஸ், பிஎஸ்டி எல்லாம் யூனிக்ஸ் குடும்பம், கொஞ்சம் வட்டார வழக்கு மாறினாலும் ஒன்றுக்கொன்று புரிந்துவிடும். விண்டோஸ் வேறு குடும்பம். ஆகவே யூனிக்ஸ் மென்பொருள் ஒன்றை விண்டோஸுக்குக் கொண்டுவர இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி, நடுவில் ஒரு துபாஷியை வைப்பது. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்தாரே, அந்த மாதிரி. 1995-ல் சிக்னஸ் சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனத்தில் ஸ்டீவ் சேம்பர்லைன் தொடங்கிய சிக்வின் இந்த வகை. (அந்த நிறுவனத்தைப் பிற்பாடு ரெட் ஹாட் வாங்கிவிட்டது.) சிக்வின் என்பது அடிப்படையில் ஒரு டிஎல்எல் கோப்பு. யூனிக்ஸ் நிரல் வழக்கம்போல யூனிக்ஸ் பாஷையில் கேட்கும். டிஎல்எல் அதை விண்டோஸ் பாஷையில் சொல்லி, பதிலை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். மூலநிரலைப் பெரிதாக மாற்ற வேண்டாம், மறுபடி கம்பைல் செய்தால் பல மென்பொருள்கள் ஓடிவிடும். எதிர்த்திசையில் இதே வேலையைச் செய்வது வைன். 1993-ல் தொடங்கி, 1.0 என்ற பதிப்பு எண்ணைத் தொட 2008 ஆனது. விண்டோஸ் மென்பொருளை மாற்றாமல் லினக்ஸில் ஓட்டிக் காட்டும்.

இரண்டாவது வழி, மென்பொருளையே விண்டோஸ் பாஷை பேச வைப்பது. பாளையங்கோட்டைக்காரர்களுக்கு ரேனியஸ் ஐயரைத் தெரிந்திருக்கும். 1820-ல் இங்கே வந்த அந்த ஜெர்மானிய மிஷனரி, விவிலியத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல் தமிழ் நடைக்கு ஏற்றபடி பெயர்க்க வேண்டும் என்று வாதாடியவர். அந்த மாதிரி வேலை இது. 1998-ல் காலின் பீட்டர்ஸ் தொடங்கிய மிங்டபிள்யூ இதற்கு உதவும் கருவி. யூனிக்ஸ் உலகத்தின் ஜிசிசி கம்பைலரையே பயன்படுத்தி, நேராக விண்டோஸ் நிரலாகவே ஆக்கித் தரும். நடுவில் துபாஷி கிடையாது. ஆனால் விண்டோஸில் இல்லாத ஒன்றை உங்கள் நிரல் கேட்டால், அதற்கு வழி நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்படி இல்லாதவற்றில் பிரசித்தமானது ஃபோர்க். யூனிக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல், ஃபோர்க் என்று ஒரு வார்த்தை சொன்னால் அதே மாதிரி இன்னொன்று பக்கத்தில் முளைத்துவிடும். தாய் வாழைக்குப் பக்கக்கன்று வருகிற மாதிரி, தாயின் குணமெல்லாம் கன்றுக்கும் இருக்கும். விண்டோஸ் நிரல்களுக்குப் பக்கக்கன்று விடுகிற பழக்கம் இல்லை. ஒவ்வொரு தடவையும் புதுக் குழி வெட்டிப் புது வாழை நட வேண்டும். சிக்வின் என்ன செய்கிறது தெரியுமா? புது வாழையை நட்டு, அதைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்து, தாயிடம் இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அதற்குள் நகலெடுத்துவிட்டு, பிறகு ஓடவிடுகிறது. வேலை நடக்கும், ஆனால் மெதுவாக. நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன நிரல்களை வரிசையாகக் கூப்பிடும் வேலைகளைச் சிக்வினில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

இதைத் தவிர சில்லறைச் சண்டைகள் நிறைய. ஒரு வரி முடிந்தது என்று காட்ட யூனிக்ஸுக்கு ஒரு குறி போதும், விண்டோஸுக்கு இரண்டு குறி வேண்டும் (பழைய தட்டச்சு இயந்திரத்தின் மிச்சம்). இதைக் கவனிக்காமல் படக் கோப்பை எழுத்துக் கோப்பு மாதிரி நினைத்துத் திறந்து எழுதினால் படம் கெட்டுப்போகும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டால் யூனிக்ஸில் இரண்டு கோப்பாக இருப்பவை விண்டோஸில் மோதிக்கொள்ளும். தமிழில் அந்த வேறுபாடே இல்லாததால் நமக்கு அந்தத் தொல்லை இல்லை. நமக்கென்று வேறு தொல்லை காத்திருந்தது.

லினக்ஸுக்குக் கோப்பின் பெயர் என்பது வெறும் பைட்டுகளின் வரிசை. சாய்கோட்டையும் பூஜ்ஜியத்தையும் தவிர வேறு எதையும் அது ஏன் என்று கேட்காது. அதனால் யூடிஎஃப்-8 முறையில் எழுதிய தமிழ்ப் பெயர், தமிழ் என்றால் என்னவென்றே தெரியாத நிரல் வழியாகக்கூட சேதமில்லாமல் போய்வந்துவிடும். அண்ணாச்சி கடையில் ஓடிய அதே மென்பொருள் லினக்ஸில் ஓடியிருந்தால் "கல்லிடை பிசானம் பாக்கி" ஒரு புள்ளிகூட மாறாமல் நகலாகியிருக்கும்.

எக்ஸ்பியும் தமிழுக்குப் பகை இல்லை. உள்ளே அது முழுக்க யூனிகோடு. ஆனால் கோப்பைத் திறப்பது போன்ற வேலைகளுக்கு அது இரண்டு வாசல் வைத்திருந்தது. ஒன்று ஏ வாசல், மற்றது டபிள்யூ வாசல். டபிள்யூ வாசலில் யூனிகோடு எழுத்து எதுவும் போகலாம். ஏ வாசல் பழைய காலத்து நிரல்களுக்கானது. அதில் "கோட் பேஜ்" என்ற ஒரு பட்டியலில் இருக்கும் எழுத்துகள் மட்டுமே போகும். மேற்கு ஐரோப்பாவுக்கு 1252, அரபிக்கு 1256, தாய்லாந்துக்கு 874, சீனத்துக்கு 936 என்று ஆளுக்கொரு பட்டியல். பாங்காக்கில் ஒரு கடைக்காரர் தன் கணினியைத் தாய் மொழிக்கு அமைத்துவிட்டால் பழைய நிரலிலும் அவர் பிழைப்பு ஓடிவிடும்.

தமிழுக்கு? அப்படி ஒரு பட்டியலே கிடையாது. இந்திக்கும் கிடையாது. விண்டோஸ் 2000-ல்தான் தமிழ், லதா எழுத்துருவோடு, உள்ளே வந்தது. அப்போதே யூனிகோடு வழியாக மட்டும் என்று முடிவாகிவிட்டது. அதாவது தமிழுக்கு டபிள்யூ வாசல் ஒன்றுதான். ஏ வாசலில் போய் நின்றால், பட்டியலில் இல்லாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி. "பாக்கி" என்பது நமக்கு மூன்று எழுத்து, யூனிகோடுக்கு ஆறு குறி. ஆகவே ஆறு கேள்விக்குறி.

சிக்வினின் 1.5 வரிசைப் பதிப்புகள் ஏ வாசலைத்தான் பயன்படுத்தின. யூனிக்ஸிலிருந்து மிங்டபிள்யூ வழியாக வந்த எத்தனையோ நிரல்களும், சாதாரண சி மொழியில் கோப்பைத் திறக்கும் கட்டளையைப் போட்டாலே, அந்த வாசலில்தான் போய் நிற்கும். ஆக, நேரடி வழி என்பதாலேயே தப்பித்துவிட முடியாது. நகலெடுக்கும் நிரல் விண்டோஸிடம் "இந்த ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது?" என்று கேட்கும். பதிலாகக் கேள்விக்குறிகள் வரும். "சரி, அந்த கேள்விக்குறி கேள்விக்குறி கோப்பைத் திற" என்று திரும்பப் போய்க் கேட்கும். கேள்விக்குறி உள்ள பெயரை விண்டோஸ் அனுமதிப்பதே இல்லை. "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று பதில் வரும். இருக்கிறது என்று சொன்னதும் அதே விண்டோஸ்தான், இல்லை என்று சொல்வதும் அதேதான். பாவம், நடுவில் நிற்கும் நிரல் அதைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த கோப்புக்குப் போய்விடும்.

இதில் யார் மேல் குற்றம்? எழுதியவர் லினக்ஸுக்குச் சரியாகத்தான் எழுதினார். விண்டோஸும் தமிழைச் சரியாகத்தான் வைத்திருந்தது. இரண்டையும் சேர்த்துத் தைத்த தையலில்தான் பிரிவு. துபாஷி தனக்குத் தெரியாத சொல்லை விழுங்கிவிட்டார், இரண்டு பக்கத்து எஜமானர்களுக்கும் அது தெரியவில்லை.

தையலைச் சரியாகப் போட்டவர்களும் இருந்தார்கள். கிம்ப் படச் செயலியையும் அதன் அடியில் இருக்கும் ஜிடிகே, ஜிலிப் நூலகங்களையும் விண்டோஸுக்குக் கொண்டுவந்தவர் ஃபின்லாந்துக்காரர் டோர் லில்க்விஸ்ட். 2004 கடைசியில் வந்த ஜிலிப் 2.6-லிருந்து, விண்டோஸில் கோப்புப் பெயரை யூடிஎஃப்-8-ல் வாங்கி, உள்ளுக்குள் மாற்றி, டபிள்யூ வாசலில் கொடுக்கும்படி ஆயிற்று. 2009 டிசம்பரில் வெளியான சிக்வின் 1.7 யூனிகோடு வாசலுக்கு மாறியது, யூடிஎஃப்-8 அதன் இயல்பு முறையானது. அண்ணாச்சியின் டிஸ்க் போய்ப் பதினோரு மாதம் கழித்து. 2019-ல் வந்த விண்டோஸ் 10-ன் 1903 பதிப்பிலிருந்து, ஒரு நிரல் தன் அறிக்கைக் கோப்பில் குறிப்பிட்டால் ஏ வாசலிலேயே யூடிஎஃப்-8 போகலாம் என்று மைக்ரோசாஃப்ட்டே வழிவிட்டது.

மைக்ரோசாஃப்ட்டும் துபாஷி வைத்துப் பார்த்த கதை உண்டு. 1993-ல் வந்த முதல் விண்டோஸ் என்டியிலேயே யூனிக்ஸ் நிரல்களுக்காக ஒரு போசிக்ஸ் அமைப்பு இருந்தது. 2016-ல் லினக்ஸ் நிரல்களை மாற்றாமல் அப்படியே ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வந்தது. அதன் முதல் வடிவம், லினக்ஸ் கேட்பதை எல்லாம் விண்டோஸ் பாஷையில் மாற்றிச் சொல்லும் துபாஷி. 2019-ல் அறிவித்த இரண்டாம் வடிவத்தில் அந்த முறையை விட்டுவிட்டு, உண்மையான லினக்ஸ் கெர்னலையே ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே எல்லாச் சொல்லுக்கும் மொழிபெயர்ப்பு வைத்திருப்பது சுலபமாக இல்லை.

வணிகவியல் பாஷையில் சொன்னால், நேரடியாக விண்டோஸுக்கு மாற்றி எழுதுவது மூலதனச் செலவு. ஆரம்பத்தில் கை கடிக்கும், ஆனால் சொத்து நிற்கும். நடுவில் துபாஷி வைப்பது வருவாய்ச் செலவு. இன்றைக்கு மலிவு, ஆனால் வேகத்திலும் பராமரிப்பிலும் வருடா வருடம் கட்ட வேண்டும். இரண்டுமே தப்பில்லை, கடையின் அளவைப் பொறுத்தது. இரண்டிலும் ஐந்தொகையில் ஏறாத ஒரு பொறுப்பு இருக்கிறது. குடிபெயர்த்தவர் தன் மேசையில் எந்தப் பெயர்களை வைத்துச் சோதித்தாரோ, அவற்றுக்கு மட்டும்தான் உத்தரவாதம். அவர் மேசையில் "பிசானம்" என்ற பெயரில் கோப்பு இருந்திருக்க வாய்ப்பே இல்லை. அந்தச் சோதனை நம் பங்குக்கு நாம்தான் செய்ய வேண்டும். நாம் செய்யாவிட்டால் வேறு யாரும் செய்யப் போவதில்லை.

அண்ணாச்சி கதைக்கு வருவோம். டிஸ்க்கிலிருந்து மீட்டுத் தர சென்னையில் கேட்ட தொகை கடைக்குக் கட்டுப்படியாகவில்லை. அவர் ஒரு நீள நோட்டு வாங்கிக்கொண்டு, டிவிஎஸ் மொபெட்டில் ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார். கணக்கு அழிந்துபோன விஷயத்தை மறைக்கவும் இல்லை. "கம்ப்யூட்டர்ல போயிட்டு, உங்க பாக்கி எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க" என்று நேராகவே கேட்டார்.

சொன்னார்கள். எந்த மாதம், எத்தனை மூட்டை, அதில் எவ்வளவு கொடுத்தது, எவ்வளவு நிற்பது என்று வரப்பில் நின்றபடியே சொன்னார்கள். துண்டுச் சீட்டைப் பனை ஓலைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்து எடுத்துக் காட்டியவர்களும் உண்டு. "நமக்கு ஒண்ணும் பாக்கி இல்லையே அண்ணாச்சி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் உண்டு. மொத்தத்தில் எவ்வளவு போயிற்று என்று அண்ணாச்சி யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த கார் சாகுபடிக்கு அவர் கடையில் சரக்கு குறைவாக இருந்ததை மட்டும் ஊர் கவனித்தது.

மருமகன் ரொம்ப நாள் மாமா முகத்தைப் பார்க்கவில்லை. 2010-ல் அதே மென்பொருளின் புதுப் பதிப்பு வந்ததும் கடைக்கு வந்தான். "பாக்கி" என்று ஒரு காலிக் கோப்பு உருவாக்கி, நகலெடுத்து, அழித்து, நகலில் இருந்து திரும்பக் கொண்டுவந்து காட்டினான். ஆறு குறியும் சரியாக வந்தன. அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இன்னொரு தடவ செய்யி" என்றார்.

பெயரை ஆங்கிலத்தில் மாற்றிவிடலாம் மாமா, வம்பே இல்லை என்றும் அவன் சொல்லிப் பார்த்தான். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. தன் கணக்கைத் தன்னால் வாசிக்க முடியாவிட்டால் அது யாருடைய கணக்கு என்பது அவர் கட்சி.

இப்போது கடையில் விண்டோஸும் மாறிவிட்டது, நகலெடுக்கும் முறையும் மாறிவிட்டது. ஒரு வழக்கம் மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் தராசுக்கும் நோட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து முடித்ததும், அண்ணாச்சி நகல் டிஸ்க்கைச் செருகி, தமிழ்ப் பெயருள்ள ஒரு கோப்பைத் திறந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாய்விட்டு வாசிப்பார். வாசித்து முடித்த பிறகுதான் சுண்டல்.